சைலன்சர் காஸ்கெட் வாங்கப் போனால்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு காபரேற்றரில் தொடங்கும். பொயின்ற், கொயில், ரிம், ராங்க் ஸ்ரிக்கர் என்று ஒரு சுற்றுப் போய், எந்த ஊரில் யாருடைய வீட்டுக் கொட்டிலுக்குள் என்ன வண்டி பதுங்கிக் கிடக்கிறது என்பதில் வந்து நிற்கும். எஞ்சினோடு புகைக்குழாய் பொருந்துகிற மூட்டில் புகை கசியாமல் அடைக்கிற வளையம், நாங்கள் ரிங் என்று சொல்கிற சைலன்சர் காஸ்கெட், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு தேத்தண்ணியும் ரோல்ஸும் எடுக்கிற காசுக்கு வாங்குகிற சாமான், அதில் தெரிந்தெடுக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. இருக்கிறது. பொருந்தாத ரிங்கைப் போட்டுவிட்டு, அதன் குறையை ஸ்பனரின் பலத்தால் சரிக்கட்டப் போய், கடைசியில் ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல்மூடியில், ஸ்ரட் என்கிற மரைத் தண்டை முறித்துக்கொண்டு நிற்கிறவர்களை எங்கள் ஊர்க் கராஜ்களில் அடிக்கடி காணலாம். ரிங்கின் விலையையும், முறிந்த ஸ்ரட்டைத் துளைத்து எடுத்துப் புதிய மரை வெட்டுகிற கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கட்டுரை ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்க மாட்டீர்கள்.

என்னிடம் இருப்பது ஹொண்டா சி.டி. 200 ரோட்மாஸ்டர். 194 சிசி, இரண்டு சிலிண்டர், இரண்டு பெண்ட் பைப் (ஹெட்டிலிருந்து வளைந்து வருகிற புகைக்குழாய்), இரண்டு சைலன்சர். ஆகவே காஸ்கெட் தொல்லையும் எனக்கு ரெட்டைக் கணக்கு. எம்.டி. 90, சி.டி. 125, சி.ஜி. 125 வைத்திருக்கிறவர்களுக்கும் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி பொருந்தும். இந்த வண்டிகளை ஆசைக்கு வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் என்றால், வேறு வழியில்லாமல் ஓட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். இலங்கையில் 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 வரை திறக்கவில்லை. அந்த இடைவெளியில் பழைய ஹொண்டாவின் விலை ஏறிய ஏற்றத்தைக் கண்டவர்கள், கொட்டிலுக்குள் கிடந்ததையெல்லாம் தூசி தட்டி வெளியே எடுத்தார்கள். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் சின்ன வண்டிகளுக்கு இன்னும் மவுசு கூடியது.

இப்படி வெளியே வந்த வண்டிகளில் ஒரு பொதுக் குணம் உண்டு. 1990இலிருந்து பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடிய வண்டி என்றால், அது மண்ணெண்ணெய் குடித்திருக்கும். பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அப்போதைய நடைமுறை. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஒழுங்காக எரியாது. எரியாத மிச்சம் கரியாகப் புகைவாயிலும் சைலன்சரிலும் படியும். கரியைச் சுரண்டக் கழற்றுவதும் பூட்டுவதும் ஓயாத வேலை. சாமான் வராத காலம் என்பதால் கழற்றிய ரிங்கையே திரும்பப் போடுவார்கள். அதுவும் நைந்துபோனால் கிடைத்த செப்புக் கம்பியை வளைத்து முறுக்கி அடித்துப் போட்டதாக எனக்கு வேலை செய்து தருகிற கொக்குவில் மெக்கானிக் அண்ணை சொல்லுவார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கம்பி ஹெட்டில் பதித்த தழும்பு இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. அதன் மேல்தான் நாங்கள் புது ரிங் போடப் போகிறோம்.

அவர் சொன்ன ஒரு வசனத்தில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. "தம்பி, ரிங்கைப் பார்த்து ரிங் எடுக்கக் கூடாது. ஹெட்டைப் பார்த்து எடும். புது ஹெட் எண்டால் எந்த ரிங்கும் பிடிக்கும். உம்மட ஹெட் எத்தினை பேற்ற கை பட்டது?"

காஸ்கெட் இருக்கிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெட்டின் புகைவாயில் வட்டமாக ஒரு படி வெட்டியிருக்கும். ரிங் அந்தப் படியில் உட்காரும். பெண்ட் பைப்பின் நுனியில் விளிம்பு ஒன்று புடைத்திருக்கும். அந்த விளிம்பின் பின்னால் இரண்டு அரைவட்டத் துண்டுகள், அவற்றின் பின்னால் பிளேஞ்ச் என்கிற இறுக்குத் தட்டு. இரண்டு நட்டையும் இறுக்கும்போது பிளேஞ்ச் அரைவட்டங்களைத் தள்ள, அவை விளிம்பைத் தள்ள, விளிம்பு ரிங்கை நசுக்கும். சின்ன ஹொண்டாக்களில் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் ஸ்ரட், 10 ஸ்பனர். எஞ்சின் நன்றாக இழுக்கும்போது அந்த வாயால் போகிற புகையின் சூடு 700 பாகை செல்சியஸைத் தொடும். ஹெட் அலுமினியம், பைப் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை ஓடி ஆறும்போதும் இரண்டும் ஒன்றையொன்று உரசி விலகி நெருங்குகின்றன. நடுவில் இருக்கிற ரிங் இவ்வளவுக்கும் வளைந்து கொடுக்க வேண்டும்.

ரிங் வேலை செய்யவில்லை என்பதை எப்படி அறிவது? அக்சிலேற்றரை மூடியதும் சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கும். மருதனார்மடம் சந்தியில் வேகம் குறைக்கிறபோது ஆட்கள் திரும்பிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு முறை புகை வெளியே தள்ளப்பட்ட பின்னும் பைப்புக்குள் ஒரு கணம் அழுத்தம் குறைந்து உள்ளிழுப்பு உண்டாகும். இடைவெளி இருந்தால் அதால் வெளிக்காற்று உள்ளே போகும். அக்சிலேற்றர் மூடிய நேரத்தில் சரியாக எரியாத பெற்றோல் ஆவி பைப்புக்குள் இருக்கும். காற்றும் சூடும் சேர்ந்தால் அங்கேயே எரிந்து வெடிக்கும். இது தெரியாமல் காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, ஜெட் மாற்றி, ஊசியை ஏற்றி இறக்கிப் பார்ப்பவர்கள் அனேகம். காபரேற்றரும் காரணமாக இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் குனிந்து பிளேஞ்சைச் சுற்றிப் பாருங்கள். ஈரமில்லாத கறுப்புக் கரி விசிறி மாதிரி அலுமினியத்தில் படிந்திருந்தால் கழற்றவேண்டியது காஸ்கெட்டைத்தான். குளிரில் ஸ்ராட் பண்ணும்போது டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைகிற சத்தமும் அதே குணம்தான். விரிந்து அடைபடுகிறது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மூட்டருகே பிடியுங்கள். லீக் உள்ள பக்கத்தில் புகை உதறும். பெற்றோல் குழாய் ஒழுகாத வண்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள்; ஒழுகினால் ஊதுவத்தியைச் சாமியறையிலேயே வைத்துவிடுங்கள்.

ரிங் லீக் என்றால் வால்வு எரிந்துபோகும் என்று பயமுறுத்துகிற பெரியவர்களும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். புகை வால்வை எரிப்பது பெரும்பாலும் இடைவெளி இல்லாமல் இறுகிப்போன ரப்பெற்றும் (வால்வைத் தள்ளுகிற பாகம்), பெற்றோல் குறைந்த கலவையும்தான். ரிங் லீக்கின் உண்மையான பாதிப்பு வேறு. சத்தம், வெடி, கலவை சரியா பிழையா என்று கணிக்க முடியாத குழப்பம், பிறகு அதை அடக்க நட்டை இறுக்கிக்கொண்டே போகிற கை.

சரி, கடைக்குப் போவோம். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் "சி.டி. 200க்கு சைலன்சர் காஸ்கெட்" என்று கேட்டால் பொதுவாக மூன்று விதமான ரிங் மேசைக்கு வரும். முதலாவது, மெல்லிய செப்புத் தகட்டால் சுற்றி மூடி, உள்ளே நார் மாதிரி மெதுவான பொருள் அடைத்தது. ஹொண்டா தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் இந்த வகை. இரண்டாவது, முழுச் செம்பு. கனமாக, பளபளவென்று, பார்த்ததும் கையில் எடுக்கத் தூண்டும். மூன்றாவது, முதலாவதன் மலிவுப் பிரதி. செப்பு நிறம் இருக்கும், தகடு கடதாசி மாதிரி இருக்கும், மூட்டில் தகடு சரியாக மடிந்திருக்காது.

பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். "இது உழைக்கும் அண்ணை" என்று கடைத் தம்பியும் சொல்லுவார். உழைக்கும், பொய்யில்லை. புதிதாகக் கடைந்து மட்டமாக்கிய ஹெட்டும், விளிம்பு சிதையாத பைப்பும் உங்களிடம் இருந்தால் முழுச் செம்பைப் போல ஒன்றில்லை. பிறகு தளர்வதும் குறைவு, கழற்றினால் திரும்பவும் போடலாம். ஆனால் எங்கள் வண்டிகள் அப்படியா இருக்கின்றன? புகைவாயின் படியில் விரல் நுனியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஸ்குரூ டிரைவர் கீறிய கோடு, உப்புத் தின்ற குழி, எங்கோ ஒரு பக்கம் அமுங்கிய பள்ளம் எல்லாம் விரலுக்குத் தெரியும். பைப் இன்னும் மோசம். ஒறிஜினல் பைப் உக்கிப்போய், உள்ளூர்ப் பட்டறையில் குழாய் வளைத்து விளிம்பை வெல்டிங் வைத்து ஒட்டியதுதான் பலருடையது. அந்த விளிம்பைக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தினால் ஒரு பக்கம் வெளிச்சம் தெரியும். இந்த மேட்டுப்பள்ளத்தில் கெட்டியான செம்பு உயர்ந்த இடத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். மிச்ச இடத்தால் புகை போகும். நீங்கள் இறுக்குவீர்கள். 6 மில்லிமீற்றர் ஸ்ரட் எவ்வளவுதான் தாங்கும்?

மெதுவான ரிங் அப்படியில்லை. இறுக்க இறுக்க நசிந்து பள்ளத்துக்குள் இறங்கும். அதனால்தான் பழைய வண்டிக்கு நான் எப்போதும் முதலாவது வகையைச் சொல்கிறேன். ஒரு தடவைக்குத்தான் உதவும், கழற்றினால் எறிய வேண்டும். அந்தச் செலவைப் பெரிதாக எண்ண வேண்டாம். கடையிலேயே பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அமத்திப் பாருங்கள். நல்லது கொஞ்சம் இணங்குவது கைக்குத் தெரியும், ஆனால் தகடு பிளக்காது. உள்வட்டத்தில் மடிப்பு ஒரே சீராக ஓட வேண்டும். மலிவுப் பிரதியில் மடிப்பு ஓரிடத்தில் வாய் பிளந்திருக்கும். அந்த வாயால் சூட்டுப் புகை உள்ளே புகுந்து அடைப்பை அரித்துவிடும். பிறகு செப்புத் தோல் மட்டும் மிஞ்சும்.

முழுச் செம்பை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை எறியத் தேவையில்லை. நசுங்கிய செம்பு இறுகிப்போகும். அதைத் திரும்ப மெதுவாக்கலாம். காஸ் அடுப்பில் குறட்டால் பிடித்து மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு மாதிரிச் செம்பு தண்ணீரில் இறுகாது. சூடுதான் அதை மெதுவாக்குகிறது, தண்ணீர் மேலே படிந்த கறுப்புச் செதிலைக் கழற்றிவிடும். புதிய முழுச் செம்பு ரிங்கையும் போடமுன் இப்படிச் செய்வது நல்லது. வெளிச்சமான இடத்தில் செய்தால் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிச் சூடாக்கிவிடுவீர்கள், பொழுதுபட்ட பிறகு செய்யுங்கள். செம்பு 1085 பாகையில் உருகும், பயப்பட ஒன்றுமில்லை. அலுமினிய ரிங்கை மட்டும் அடுப்பில் வைக்காதீர்கள். அது 660 பாகையில் சிவப்பே காட்டாமல் உருகி விழும். அலுமினிய ரிங்கை இந்த இடத்துக்கு வாங்காமலே விடலாம் என்பது என் எண்ணம்.

அளவெடுக்க வேனியர் அளவுகோல் கொண்டு போங்கள். வெளிவிட்டம் ஹெட்டின் படிக்குள் இலேசாக இறங்க வேண்டும். உள்விட்டம் புகைவாயைவிடச் சிறிதாக இருந்தால் ரிங் புகையின் வழியில் துருத்திக்கொண்டு நிற்கும். தடிப்பைத்தான் ஆட்கள் அளப்பதேயில்லை. எல்லாம் பூட்டி இறுக்கிய பிறகு பிளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இடைவெளி மிஞ்சியிருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக. பிளேஞ்ச் ஹெட்டில் முட்டிவிட்டதென்றால் உங்கள் பலம் முழுவதும் அலுமினியத்துக்குப் போகிறது, ரிங்குக்குப் போகவில்லை. அப்போது தடித்த ரிங் வேண்டும். இரண்டு மெல்லிய ரிங்கை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுகிற பழக்கம் இங்கே உண்டு. ஒன்று வழுக்கி மற்றதன் மேல் ஏறினால் மூட்டே கோணிவிடும்.

ஹொண்டா சாமானின் இலக்கத்தையும் வாசிக்கப் பழகினால் கடையில் பேச்சு சுருங்கும். இலக்கம் மூன்று துண்டாக இருக்கும். முதல் துண்டு 18291 என்றால் அது பெண்ட் பைப் காஸ்கெட். நடுத் துண்டு எந்த வண்டிக்காக அந்தச் சாமான் முதலில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். வேறு வண்டியின் நடு இலக்கம் பொறித்த பக்கெட் (பொதி) உங்கள் வண்டிக்கும் சரியாக இருக்கலாம், ஹொண்டா ஒரே ரிங்கைப் பல வண்டிகளுக்குப் பாவிக்கிறது. ஆகவே "இது சி.டிக்கு இல்லை அண்ணை" என்று சொன்னாலும் வேனியரை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். இங்கே இல்லாவிட்டால் வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் பேர்போன கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கிறது, தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம். அளவை மில்லிமீற்றரில் எழுதி அனுப்புங்கள். வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் அங்கே அவர்களுக்குத் தோன்றுகிற ரிங் வரும்.

புது ரிங் கையில் வந்தபின் இன்னொரு கண்டம் இருக்கிறது. பழைய ரிங் உண்மையில் வெளியே வந்துவிட்டதா? வருடக்கணக்காக நசுங்கிக் கரி பூசிய ரிங், ஹெட்டின் பாகம் மாதிரியே கறுப்பாகப் படியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். "இதுக்கு ரிங்கே போடேல்லை" என்று சொல்லி அதன் மேலேயே புதிது போடுவார்கள். ரோச் வெளிச்சத்தில் ஒரு ஆணி நுனியால் படியைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளி நிறம் வந்தால் அலுமினியம். சிவந்த கோடு வந்தால் அது பழைய ரிங். அதை எடுக்க உளியைக் கொண்டு போகாதீர்கள். சின்ன ஸ்குரூ டிரைவரின் மூலையால் ரிங்கின் நடுவைக் குத்தி உட்பக்கமாக மடக்கினால் சுருண்டு வரும். படியின் சுவரில் நெம்பினால் நாளைக்கு விரலுக்குத் தெரியப்போகிற அந்தக் கோடு உங்களுடையதாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய ரிங்குகளின் உள்ளே அடைத்திருப்பது பல வேளைகளில் அஸ்பெஸ்டஸ். கூரைச் சீற்றோடு வளர்ந்த எங்களுக்கு அந்தப் பெயர் பயம் தருவதில்லை, ஆனால் அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் போனதுதான். வாயால் ஊதவும் கொம்பிறசர் காற்றடிக்கவும் வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரை விசிறி நனைத்து, ஈரத்தோடு எடுத்து, பொலித்தீன் பையில் கட்டி எறியுங்கள். முழுச் செம்புக்கு இந்தக் கவலை இல்லை என்பதை அதன் பக்கத்துக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் கோபிக்கக் கூடாது. பி.எஸ்.ஏ. எம் 20 இல் பைப் நேரே வாய்க்குள் இறுக்கமாகச் செருகியிருக்கும், ரிங் இல்லை. அங்கே பிரச்சினை தேய்ந்துபோன வாய். நோர்ட்டன் கொமாண்டோவில் பெரிய மரை நட்டு ஒன்று ரிங்கை நசுக்கும். அது சூட்டில் தளர்ந்து தளர்ந்து ஹெட்டின் மரையையே தின்றுவிடும், ஆகவே ஓடிச் சூடாக இருக்கும்போதே இறுக்க வேண்டும் என்பது அந்த வண்டிக்காரர்களின் பழக்கம். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை போதாது.

ஸ்ரட்டைக் கழற்றுவதுதான் எங்கள் ஊரில் ரிங் போடுவதைவிடப் பெரிய வேலை. காரைநகர்ப் பக்கமோ ஊர்காவற்றுறைப் பக்கமோ நாள்தோறும் போய்வந்த வண்டி என்றால் நட்டும் ஸ்ரட்டும் ஒரே இரும்பாகியிருக்கும். கடற்காற்றின் உப்பீரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். படியில் வெள்ளை மாவாகத் தெரிவது அதுதான். முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். அடுத்த நாள் எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, இளஞ்சூட்டில் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரளவு அசைத்து, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்புங்கள். கிறீச் என்று சத்தம் வந்தால் நிறுத்தி மீண்டும் எண்ணெய். பூட்டும்போது பித்தளை நட் கிடைத்தால் அதைப் போடுங்கள், இரும்பு ஸ்ரட்டோடு ஒட்டாது. மரையில் செப்புக் கிறீஸ் கொஞ்சம்.

பூட்டுகிற ஒழுங்கும் முக்கியம். சைலன்சரின் பின் போல்ற்றைத் தளர்வாகக் கோர்த்துவிட்டு, பிளேஞ்ச் நட் இரண்டையும் கையால் சமமாக ஏற்றுங்கள். பிறகு ஸ்பனரால் இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று. 6 மில்லிமீற்றர் ஸ்ரட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றர் போதும். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் குட்டை ஸ்பனரை எடுங்கள், நீட்டுக் கைபிடியோடு போகாதீர்கள். பின் போல்ற் கடைசியாகத்தான் இறுகும். முதலில் பின்னால் இறுக்கினால் பைப் கோணலாக ரிங்கில் அமரும். எந்தப் பக்கெட் ரிங்கும் அதைத் தாங்காது. சிவப்புச் சிலிக்கனை ரிங்குக்கு மேல் பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் தாங்குசக்தி 300 பாகைக்குச் சற்று மேலே முடிகிறது. பைப் சைலன்சருக்குள் நுழைகிற பின் மூட்டில் பூசினால் பூசுங்கள், ஹெட் பக்கம் அது ஒரு நாளில் தூளாகிவிடும்.

மெதுவான ரிங் முதல் சூட்டில் இன்னும் கொஞ்சம் நசியும். ஆகவே நல்லூருக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ ஒரு நடை போய்வந்து, எஞ்சின் நன்றாக ஆறியதும் அதே நட்டுகளை அதே அளவுக்கு ஒரு தடவை பாருங்கள். கொஞ்சம் ஏறும், அது சாதாரணம். இரண்டாம் தடவையும் அதேயளவு ஏறினால் நிறுத்திவிட்டு பிளேஞ்ச் இடைவெளியைப் பாருங்கள். தடிப்புக் குறைந்த ரிங் வந்திருக்கிறது. இரண்டு சிலிண்டர்காரர்கள் இரண்டு ரிங்கையும் ஒரே பக்கெட் வகையில் எடுக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் லீக் என்றாலும். ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் புதியது என்று விட்டால் அடுத்த மாரிக்குள் மற்றப் பக்கத்துக்காக இதே ஸ்ரட்டுகளோடு திரும்பவும் மல்லுக்கட்ட வேண்டி வரும்.